கல்லுக்குள் ஓடும் ஆறும் என் சேலைத் தலைப்பும்

மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவதற்காகத்தான் நான் ஸ்லோவேனியாவுக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் லிஃப்டுக்குள் ஏறினால் ஒரு கேள்வி, சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கினால் அதே கேள்வி: “என்ன டீச்சர், மாதுமை இன்னும் அந்தக் கல்லுகளோடதான் நிக்கிறாவோ?” கேட்கிறவர்களுடைய பிள்ளைகள் கனடாவில் கணக்காளராகவும் லண்டனில் டொக்டராகவும் இருக்கிறார்கள். என் பிள்ளை முப்பத்திரண்டு வயதில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பொந்துகளுக்குள் இறங்குகிறாள்.

சுண்ணக்கல் நிலத்துக்குள் இறங்குகிற தண்ணீர் எங்கே வெளியே வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. அவள் இருந்த இடம் குகைகளும் நிலத்தடி ஆறும் உள்ள, சட்டம் போட்டுப் பாதுகாக்கிற நிலம். அந்த எல்லைக்குச் சற்று வெளியே ஒரு பள்ளம். கட்டட இடிபாடுகளைக் கொட்டி அதை நிரப்புவதற்கு அதன் சொந்தக்காரர் அனுமதி கேட்டிருந்தார். பள்ளத்தில் பெய்கிற மழை குகை ஆற்றில்தான் போய்ச் சேருகிறது, கொட்ட விடக்கூடாது என்று மாதுமை மூன்று வருடமாகச் சொல்லிவந்தாள். பழைய வரைபடங்களோ தண்ணீர் மறுபக்கம் போவதாகக் காட்டின. கடைசியில் ஒரே ஒரு சோதனைக்கு அனுமதி கிடைத்தது. பள்ளத்தில் சாயத்தை ஊற்றிவிட்டு, குகை ஆறு வெளியே வருகிற ஊற்றில் ஐந்து நாள் காத்திருப்பது. சாயம் வந்தால் பள்ளமும் பாதுகாப்பு எல்லைக்குள் சேரும், அவளுக்கும் அங்கே நிரந்தர வேலை கிடைக்கும். வராவிட்டால் இரண்டும் இல்லை.

“வராட்டி உங்களோட வந்திடுறன் அம்மா,” என்று ஃபோனில் சொன்னாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் புறப்பட்டேன். சாயம் வரக்கூடாது என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் இருபத்தேழு வருடம் புவியியல் படிப்பித்தவள். சுண்ணக்கல் நிலத்தோற்றம் என்ற பாடத்தை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். மேலேயிருந்து தொங்குவது கசிதுளிவீழ், கீழேயிருந்து வளர்வது கசிதுளிப்படிவு, நிலத்தடி ஆற்றுக்கு நீலச் சோக்கால் ஒரு புள்ளிக்கோடு. ஆனால் ஒரு குகையைக்கூட நேரில் கண்டதில்லை. அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதும் இல்லை.

முதல் நாளே அவமானம். மாதுமைக்கு வேலை விட்டு வரமுடியவில்லை. தலைநகரிலிருந்து பஸ் ஏறி, இடையில் ஒரு சின்னப் பட்டினத்தில் வேறு பஸ் மாறி வரச் சொல்லியிருந்தாள். இறங்கினேன், வீதியின் இடப்பக்கம் போய் நின்றேன். நாற்பது வருடம் கொழும்புக் காலி வீதியில் பஸ் பிடித்தவளுக்கு வேறு பக்கம் தெரியுமா? அங்கே வாகனங்கள் வலப்பக்கத்தால் ஓடுகின்றன. என் பஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்றது, கதவைத் திறந்தது, ஒருவரும் ஏறாததால் கதவை மூடிக்கொண்டு போனது. கையைக் காட்டினேன், கத்தினேன், சாரதி திரும்பியும் பார்க்கவில்லை. கொழும்பில் என்றால் “நகின்ன அம்மே, நகின்ன” என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிக்கொண்டு கொண்டக்டர் குதித்து வந்து பெட்டியோடு சேர்த்து என்னையும் தூக்கி ஏற்றியிருப்பான்.

அடுத்த பஸ் இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தது. உள்ளே ஒன்பது பேர். பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை, ஃபோனில் உறவினருக்குப் புத்தி சொல்கிறவர்களும் இல்லை. செத்த வீட்டுக்குப் போகிறார்களோ என்றுகூட நினைத்தேன். போய்ச் சேர்ந்த கிராமத்தின் பெயரில் உயிரெழுத்தே கிடையாது. மூன்று மெய்யெழுத்தை அடுத்தடுத்து வைத்துவிட்டு அதை ஊர் என்கிறார்கள்.

மாதுமை தரிப்பிடத்தில் நின்றாள். கறுத்து, மெலிந்து, சப்பாத்தெல்லாம் சேறு. கட்டிப்பிடித்துக்கொண்டு, “அம்மா, இந்தக் குளிருக்குச் சேலையோ?” என்றாள்.

“வேற என்னத்தைக் கட்ட?” என்றேன். சேலைக்கு மேலே அவளுடைய தடித்த குளிர் ஜக்கெட்டையும் காலுக்குக் கம்பளிச் சொக்ஸையும் போட்டு என்னை ஒரு மூட்டையாக்கினாள்.

இரண்டாம் நாள் காலை, மாதுமை வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி தந்த தண்ணீரை ஒரு வாய் குடித்ததும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. நான் பிறந்த யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரின் அதே கனம். கேத்தலைத் திறந்து பார்த்தேன், உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. யாழ்ப்பாணமும் சுண்ணக்கல்தான். அங்கே ஆறு கிடையாது, எல்லாத் தண்ணீரும் கல்லுக்குக் கீழேதான். “இது எங்கட தண்ணி!” என்று வீட்டுக்காரியிடம் தமிழிலேயே சொன்னேன். சீனி வேண்டுமாக்கும் என்று நினைத்து அவள் சீனி எடுத்து வந்தாள்.

சாப்பாட்டில் ஹாமையும் சோசேஜையும் ஒதுக்கிவிட்டால் எனக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். புளிக்கவைத்த கோவா இலையும் அவரையும் போட்ட ஒரு சூப் தந்தார்கள். ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள் போட்டால் தேறும். ஆனால் மத்தியானம் ஒரு தட்டில் கருநிறமாக உதிர் உதிராக ஒன்று வந்தது. தொட்டுப் பார்த்தேன், புட்டு! ஏதோ ஒரு தானிய மாவில் செய்து, தயிரோடு சாப்பிடுகிறார்கள். குரக்கன் புட்டைக் கண்டு பழகிய எனக்கு அதற்குமேல் அறிமுகம் தேவைப்படவில்லை. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்று பின்னேரம் யானெஸ் என்பவர் வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், நீளமான மனிதர். அந்தப் பகுதிக் குகைகளெல்லாம் அவருக்கு வீட்டு அறைகள் மாதிரியாம். ஊற்றடியில் இருந்து மணிக்கொரு தரம் போத்தலில் தண்ணீர் எடுக்கிற வேலை அவருடையது. மாதுமை எங்கள் இருவரையும் வைத்து விதியைச் சொன்னாள்.

“சாயத்தோட நிண்ட ஆள் ஊற்றுப்பக்கம் போகக்கூடாது. ஊற்றுக்காரர் பள்ளத்துக்கு வரக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி பட்டாலே காணும், எல்லாம் பிழைச்சுப்போம். விளங்குதோ அம்மா?”

“எனக்கோ படிப்பிக்கிறாய்?” என்றேன்.

மூன்றாம் நாள் காலை பள்ளத்துக்குப் போனோம். முந்தின நாள் இரவு நல்ல மழை. நாலைந்து வீடுகளை இறக்கி வைக்கக்கூடிய அகலத்தில் பச்சைப் புல் சரிந்து இறங்க, அடியில் ஒரு சிறிய நீரோடை கற்களுக்கிடையில் இருந்த பொந்துக்குள் சத்தமில்லாமல் போய் மறைந்தது. போகிற தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது, பொந்து நிரம்பவில்லை. எத்தனை வருடம் படிப்பித்தேன், பார்க்கும்போதுதான் பயமாக இருந்தது.

மாதுமை முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு சாயத்தூளை வாளித் தண்ணீரில் கரைத்தாள். தூள் செம்மஞ்சள், ஓடையில் விழுந்ததும் கிளிப்பச்சை. அந்தப் பச்சை அப்படியே சுழன்று நிலத்துக்குள் இறங்கியது. நான் எதையும் தொடவில்லை. பின்னால் தள்ளி நின்றேன். எல்லாம் முடிந்து முகமூடியைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தாள். கன்னத்தில் செம்மஞ்சளாக ஒரு கோடு இருந்தது. நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? சேலைத் தலைப்பை இழுத்துத் துடைத்துவிட்டேன். அவளுக்கு ஒரு வயதிலும் துடைத்தேன், பத்து வயதிலும் துடைத்தேன். அவளும் முகத்தைத் தந்துகொண்டு நின்றாள். மூன்று வருடம் இந்த விதியைப் படித்தவளுக்கும் அந்த நேரம் அது உறைக்கவில்லை.

“நீங்கள் நேர வீட்டை போங்கோ அம்மா,” என்று என்னை வீட்டுக்காரியின் காரில் ஏற்றிவிட்டாள்.

வீட்டுக்குப் போனேன், சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவினேன். விடியவே சுட்டு வைத்த ரொட்டியும் கட்டைச் சம்பலும் மேசையில் இருந்தன. யானெஸ் காலையிலிருந்து அந்த ஊற்றடியில் தனியே இருக்கிறார், ஒரு மனிதர் பட்டினி கிடக்க நாங்கள் சாப்பிடுவதா? கைதான் சுத்தமாகிவிட்டதே என்று பார்சலைக் கட்டிக்கொண்டு, ஊற்றடிக்கு விடச் சொல்லி வீட்டுக்காரிக்குச் சைகை காட்டினேன்.

யானெஸ் சம்பலைத் தொட்டுச் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டார், ஆனால் நிறுத்தவில்லை. ஒரு மணிக்குப் போத்தலை நிரப்பிக் கல்லின்மேல் வைத்துவிட்டு நேரத்தை எழுதத் திரும்பினார். போத்தல் ஈரத்தில் வழுக்கியது. வீட்டில் டம்ளரைத் துடைக்கிற மாதிரி அதன் வாயையும் மூடியின் உட்பக்கத்தையும் தலைப்பால் துடைத்து, மூடிக் கொடுத்தேன். நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டார். ஏதோ பெரிய உதவி செய்த திருப்தியோடு வீடு திரும்பினேன்.

ஆறு மணிக்கு யானெஸ் போத்தல்களோடு வந்தார். மாதுமை வேலைக்கு வைத்திருந்த வான் வண்டியின் கதவுகளைச் சாத்தி, உள்ளே இருட்டாக்கி, சாயம் இருந்தால் மின்னக் காட்டுகிற நீல விளக்கை ஒவ்வொரு போத்தலிலும் பிடித்தார்கள். பத்து மணிப் போத்தலில் ஒன்றும் இல்லை. பதினொன்றும் பன்னிரண்டும் அப்படியே. ஒரு மணிப் போத்தல் பச்சையாக மின்னியது. மாதுமை என்னைத் தூக்கிச் சுற்றினாள். “அம்மா, இண்டைக்கே வந்திட்டுது! நான் சொன்னது சரி!” பிறந்ததிலிருந்து அவளை அப்படி ஒரு சந்தோசத்தில் நான் கண்டதில்லை. அடுத்த நாள் காலையிலேயே எல்லோரையும் ஊற்றடிக்கு அழைக்கப்போவதாகச் சொன்னாள். யானெஸ் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு, இவ்வளவு கெதியாகவா என்று கேட்டார்.

நான் குளியலறைக்குப் போய், சம்பல் எண்ணெய் பட்டிருந்த தலைப்பைக் கை கழுவும் பேசினில் நனைத்தேன். தண்ணீர் கிளிப்பச்சையாக மாறியது.

அங்கேயே சுவரோரத் திண்டுக் குந்தில் உட்கார்ந்துவிட்டேன். உண்மையை எழுதுகிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு வேலை, பெயர் எல்லாம் கிடைக்கும். வாயைத் திறந்தால் அவள் என்னோடு வீட்டுக்கு வந்தாலும் வருவாள், நான் வந்த காரியமும் முடியும். பேசினால் அது பிள்ளைக்காகவா எனக்காகவா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனால் பொய்யான ஒரு போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு என் மகள் நாலு பேருக்கு முன்னால் நிற்க நான் விடமுடியாது. கூப்பிட்டேன்.

அவள் வந்து பேசினைப் பார்த்தாள்.

“எந்தப் போத்தல்?”

“ஒரு மணிப் போத்தல்.”

“மூடியையும் துடைச்சனீங்களோ?”

“உள்ளுக்கும் துடைச்சனான்.”

“அம்மா... என்னைக் கூட்டிக்கொண்டு போகவேண்டி நீங்கள் இதைச் சொல்லேல்லைத்தானே?”

“அது எனக்குத் தெரியாது பிள்ளை,” என்றேன். “ஆனா தண்ணி பச்சைதானே.”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பேசினின் தண்ணீரை வாளியில் பிடித்து மூடி வைத்தாள், என் சேலையை உறையில் போட்டுக் கட்டினாள். பிறகு என் பக்கத்தில் குந்தில் வந்து உட்கார்ந்து, “கன்னத்தைத் தந்துகொண்டு நிண்டது நான்தானே,” என்றாள்.

நாலாம் நாள் காலை ஊற்றடிக்கு அவள் அழைத்த ஆட்களெல்லாம் வந்தார்கள். பாதுகாப்பு நிலத்துக்குப் பொறுப்பான பெண் அதிகாரி, பள்ளத்துச் சொந்தக்காரர், ஊரவர் கொஞ்சப் பேர். நான் ஊற்றுக்குக் கிட்டப் போகாமல் வீதியில் காருக்குள் இருந்தேன். தூரத்தில் என் மகளும் ஊற்றுக்குப் போகாமல், வீதியோரத்திலேயே நேராக நின்று கதைப்பது தெரிந்தது. ஒரு மணிப் போத்தல் செல்லாது, அதற்குப் பிறகு அதே பெட்டியில் இருந்த போத்தல்களும் செல்லாது, பிழை தன் பக்கம் என்று சொன்னாளாம். பள்ளத்துக்காரர் என்னவோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பின்னேரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். “அப்ப உங்கட அம்மாதான் ஊற்றாக்கும்,” என்றாராம்.

சிரித்துவிட்டுப் போகவில்லை அவர். இனித் தன் கண்ணுக்கு முன்னால்தான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றார். சாயம் ஊற்றிய பிறகு அவர் பள்ளத்துப் பக்கம் போகவில்லை என்று கேட்டுக்கொண்டு மாதுமை சம்மதித்தாள். அன்றே மடக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து யானெஸுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் தண்டனை கிடைத்தது. என் கையால் சமைத்த எதுவும் ஊற்றுப்பக்கம் போகக்கூடாது. இரண்டு ஆண்கள் நாள் முழுக்கக் குளிரில் காய்ந்த பாணைக் கடித்துக்கொண்டிருக்க, நான் அடுப்படியில் சும்மா இருந்தேன்.

ஐந்தாம் நாள் என்னைக் குகை பார்க்க அனுப்பினாள். வீட்டில் வைத்திருந்தால் நான் இன்னும் என்ன செய்வேனோ என்ற பயமாக இருக்கலாம். சுற்றுலாப் பயணிகள் இருபது பேரோடு இறங்கினேன். முதலில் அமைதியான மண்டபங்கள், நான் வரைந்த கசிதுளிவீழும் படிவும், வரைந்ததைவிட நூறு மடங்கு பெரிதாக. பக்கத்தில் ஒரு ஜேர்மன் பெண்மணி கணவனிடம், “கையை வையாதே, தொட்டால் வளராதாம்,” என்று அதட்டியது, பாஷை தெரியாமலே எனக்கு விளங்கியது. கணவன்மார் எங்கேயும் கணவன்மார்தான்.

பிறகு சத்தம் கேட்டது. திரும்பியதும் தரை இல்லை. கீழே, எங்கேயோ கீழே, ஒரு முழு ஆறு இருட்டுக்குள் கர்ஜித்துக்கொண்டு ஓடியது. தூரத்தில் பாதை விளக்குகள் வரிசையாக, குங்குமப்பொட்டுப் பருமனில். ஒரு பாலத்தில் நடந்து நடுவில் நின்றேன். இதைத்தானா நான் நீலச் சோக்கால் புள்ளி வைத்து, பரீட்சைக்கு வராது, விடுங்கோ என்று சொன்னேன்? இந்தத் தண்ணீருக்குள் யாரோ இடித்த சுவரின் குப்பை வந்து சேரக்கூடாது என்றுதான் என் பிள்ளை மூன்று வருடம் தனியே நின்று வாதாடியிருக்கிறாள். நான் அதைப் பொந்து என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெட்கமில்லாமல் அழுதேன். அந்தப் பாலத்தில் நின்றபடி, சாயம் வரவேண்டும் என்று வாய்விட்டு வேண்டினேன். முந்தி எதையாவது நேர்ந்திருந்தால் அதையும் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் நாளும் ஒன்றும் வரவில்லை. மாதுமை தன் அலமாரியைத் திறந்து உடுப்புகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். “பரவாயில்லை அம்மா, வெள்ளவத்தையில கடலாவது இருக்கு,” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போனேன்.

ஏழாம் நாள் மூன்று மணியிருக்கும், வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றது. பள்ளத்துக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினார், பின்னால் யானெஸும். பள்ளத்துக்காரர் நீட்டிய போத்தலை மாதுமை வான் வண்டிக்குள் கொண்டுபோனாள். நான் நாலு முழம் தள்ளி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நீல விளக்கு எரிந்தது. பச்சை. அதற்கு முந்தைய இரண்டு போத்தல்களும் மெல்லிய பச்சை. மாதுமை இந்த முறை குதிக்கவில்லை. சத்தமில்லாமல் நிலத்தில் உட்கார்ந்தாள்.

பள்ளத்துக்காரர் கரகரத்த குரலில் ஏதோ சொன்னார். “இது தான் எடுத்த போத்தலாம், தானே மூடினதாம்,” என்று மாதுமை எனக்குச் சொன்னாள். அவர் மேலும் சொன்னார். “முதல் போத்தலை நாங்களே வேண்டாமெண்டு சொல்லாட்டி, இதையும் தான் நம்பியிருக்க மாட்டாராம். தான் அனுமதி கேட்ட கடுதாசியைத் திருப்பி எடுக்கிறாராம்.”

இனிச் சமைப்பதற்குத் தடையில்லை. எல்லோரையும் மேசையில் இருத்தி ரொட்டியும் சம்பலும் வைத்தேன். பள்ளத்துக்காரர் முதல் வாயிலேயே முகம் சிவந்து இருமினார், பிறகு என்னைப் பார்த்து நெடுநேரம் கதைத்தார். மாதுமை நடுவில் இருந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள்.

“என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் நீங்கள் வந்தனீங்களெண்டு யானெஸ் சொன்னவராம். அது உண்மையோ எண்டு கேக்கிறார்.”

“ஓம், உண்மைதான் எண்டு சொல்லு.”

“அப்ப ஒரே போத்தலில அவருக்குப் பள்ளம் போச்சாம், உங்களுக்கு மகள் போச்சாம். உங்கட நட்டம்தான் பெரிசாம்.”

அந்த மனிதர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருடைய கண்ணில் உண்மையான அனுதாபம் இருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“எனக்கு ஒரு நட்டமும் இல்லையெண்டு சொல்லு. உலகத்தில ஒருத்தரும் நம்பாததை என்ர மகள் தனிய நிண்டு நம்பினவள். பொய்யில வெல்லக் கிடைச்சும் வேண்டாமெண்டு சொன்னவள். இப்பிடி ஒரு பிள்ளையைப் பெத்தவள் நான். அதைச் சொல்லு.”

மாதுமைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

“அம்மா, என்னைப் பற்றி நானே எப்பிடி அம்மா சொல்லுறது?”

“சொல்லு,” என்றேன், கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற என் வகுப்பறைக் குரலில்.

தலையைக் குனிந்துகொண்டு, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லாமல், ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள்.